நேராகப் போன வண்டி

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ரிமோட் வண்டிப் பந்தயத்துக்கு வருகிற ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் அவளுக்கு உடன்பிறந்தவர்கள்தான். வண்டி கவிழ்ந்தால் ஸ்பிரிங் சரியில்லை. வழுக்கினால் டயர் சரியில்லை. முன்னால் போகிற வண்டி மேல் ஏறினால் முன்னால் போகிறவன் சரியில்லை. என் கைதான் சரியில்லை என்று சொன்ன ஒருவனை அந்த மண் பாதை அதிகம் கண்டதில்லை.

கண்ணாடிக்காரியின் அண்ணன் மட்டும் வேறு ரகம். வண்டியைக் கவிழ்த்துவிட்டு, ஓட்டுகிறவர்கள் நிற்கும் மேடையிலிருந்து இறங்கி வந்தால், "என் தப்பு பாப்பா, அவசரப்பட்டுட்டேன்" என்பான். அதனால்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வந்து, "நேர் பாதையில வண்டி நெளியுது பாப்பா, என்னன்னு பாரு" என்றபோது அவள் மறுபேச்சில்லாமல் நம்பினாள். அன்றைக்கும் அவன் பொய் சொல்லவில்லை. வண்டி நெளிந்தது உண்மை.

கண்ணாடிக்காரி என்று மைதானத்தில் அவளுக்குப் பெயர் வந்தது அவள் பார்க்கும் வேலையால். மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றின் பின்னறையில் உட்கார்ந்து, வில்லைகளைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவாள். வில்லையின் நடு மயிரிழை தள்ளிப்போனாலும் போட்டுக்கொள்கிறவருக்குத் தலைவலி வரும். அந்த வேலையில் ஊறிய கைக்கு வண்டி வேலை ஒரு பொருட்டா? வண்டி முழங்கை நீளம்தான். முள் முள்ளாக ரப்பர் வைத்த நாலு சக்கரம், குலுக்கல் தாங்க எண்ணெய் அடைத்த நாலு ஷாக், ஒரு மோட்டார், ஒரு பாட்டரி. அண்ணன் ஓட்டுவான், அவள் சரிசெய்வாள். ஷாக் எண்ணெயைக் கொஞ்சம் கெட்டியாக்கி, பின்பக்கத்தை ஒரு நூல் உயர்த்தி, முன் சக்கரங்களின் சாய்வை மாற்றி, காய்ந்த மண்ணுக்கு ஒரு மாதிரியும் ஈர மண்ணுக்கு ஒரு மாதிரியும் வைத்துத் தருவாள். வழக்கமாக அப்பனும் மகனும் சேர்ந்து வருகிற இடத்தில் அண்ணனும் தங்கையும் சேர்ந்து வந்ததை ஆரம்பத்தில் விநோதமாகப் பார்த்தவர்கள், வண்டி ஜெயிக்க ஆரம்பித்ததும் அவளிடமே வந்து யோசனை கேட்டார்கள்.

கல்யாணம் முறிந்து ஒற்றைப் பெட்டியோடு வாசலில் வந்து நின்றவளை ஏன் வந்தாய் என்று அண்ணன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பின்னறையை ஒழித்துக் கொடுத்தான். அந்த அறையில் அவனுடைய மேஜையும் உடைந்த வண்டி ஒன்றும் கிடந்தன. பொழுது போகாமல் அவள் அதில் கை வைத்தாள். அப்படி ஆரம்பித்ததுதான் இதெல்லாம்.

அண்ணிக்கு இந்தக் கூத்து பிடிக்காது. "இந்தப் பக்கி வண்டிக்கு அண்ணனும் தங்கச்சியும் செய்யுற சேவையில பாதி வீட்டுக்குச் செஞ்சா, அந்தக் குழாய் இந்நேரம் ஒழுகாம இருக்கும்" என்பாள். குழாய் ஒழுகிக்கொண்டேதான் இருந்தது.

அண்ணனுக்கு வேலை இரும்புக் கிடங்கில். உத்தரத்தோடு ஓடுகிற பெரிய கிரேனின் கேபினில் ஏணி வைத்து ஏறி உட்கார்ந்தால், நெம்புகோலை அசைத்து இரும்புக் கம்பிக் கட்டுகளைத் தூக்கி இறக்குவது அவன் பொறுப்பு. கீழே நின்று கையால் சைகை காட்டுகிறவனை அங்கேயும் மைதானத்திலும் நிமிர்த்தி என்றே கூப்பிடுவார்கள். பந்தயத்தில் கவிழ்கிற வண்டிகளை ஓடிப்போய் நிமிர்த்தி வைக்க வளைவுக்கு ஒருவர் நிற்க வேண்டும். வெயிலில் நிற்க யாருக்கும் மனசு வராது. இவன் மட்டும் ஆசையாக நிற்பான். ஆள் குட்டை, வயிறு முன்னால் போகும், ஓட்டம் மட்டும் மான்குட்டி ஓட்டம். அண்ணனும் அவனும் வாரத்தில் ஆறு நாள் மேலும் கீழுமாகச் சைகையில் பேசிக்கொள்வார்கள். ஏழாம் நாள் மைதானத்தில் வாயால் பேசித் தீர்ப்பார்கள்.

நெளிகிற வண்டியை மேஜையில் போட்டு அவள் பிரித்தாள். இந்த வேலையில் ஒரு தர்மம் உண்டு. ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எதனால் சரியானது என்று கடவுளுக்கும் தெரியாது. முதலில் முன் சக்கரத்து பேரிங்குகளை மாற்றினாள். அடுத்த ஞாயிறும் நெளிந்தது. சக்கரங்களைத் திருப்புகிற கம்பிகளின் முனையில் இருக்கும் குண்டு மூட்டுகளை மாற்றினாள். நெளிந்தது. முன் ஷாக்கின் எண்ணெயைக் கெட்டியாக்கினாள். அப்போதும் நெளிந்தது. நேர் பாதையில் முன் சக்கரங்கள் இடமும் வலமுமாகப் படபடத்தன. வேகம் கூடக் கூடப் பின்பக்கம் வாலாட்டியது. அண்ணன் கோபப்படவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும், "கிடைச்சுதா பாப்பா?" என்று கேட்கிற குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது. ஒரு விளையாட்டு வண்டிக்கு இவ்வளவு கெஞ்சலா என்று அவள் நினைத்தாள். நினைத்ததோடு விட்டாள்.

ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சிமெண்டுத் தெருவில் அவளே வண்டியை ஓட்டிப் பார்த்தாள். துப்பாக்கி மாதிரிப் பிடிக்கிற ரிமோட். இடது கை விரல் குதிரையை இழுத்தால் வேகம். வலது கையால் பக்கவாட்டுச் சக்கரத்தைத் திருப்பினால் வண்டி திரும்பும். இழுத்தாள். நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. திருப்பிக் கொண்டுவந்தாள். அப்போதும் நேராக வந்தது. அண்ணனைக் கூப்பிட்டு ரிமோட்டைக் கொடுத்தாள். பாம்பு மாதிரிப் போனது.

இந்த விளையாட்டில் ஓட்டுகிறவன் கையை ஒருவரும் பார்ப்பதில்லை. எல்லார் கண்ணும் வண்டி மேல்தான். அன்றைக்குத்தான் அவள் முதல் தடவையாக வண்டியை விட்டுவிட்டு அண்ணன் கையைப் பார்த்தாள். வலது கை கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அந்தச் சின்னச் சக்கரத்தைப் பிடித்திருந்தன. பிடித்த விரல்கள் நடுங்கின. மூடிய பாத்திரத்தில் கொதி வந்தால் மூடி ஆடுமே, அப்படி ஒரு சின்ன ஆட்டம். அவன் கண் தெருக்கோடியில் வண்டி மேல் இருந்தது. அவனுக்குத் தெரியவில்லை என்றே அவள் எடுத்துக்கொண்டாள்.

"என்ன பாப்பா, பிடிபட்டுதா?"

"பிடிபட்ட மாதிரிதான் இருக்கு. நாளைக்குச் சொல்றேன்."

அண்ணனோ கிரேன் ஓட்டுகிறவன். கையை நம்பிப் பிழைக்கிறவன். அவனிடம் போய் உன் கை நடுங்குகிறது என்று எந்த வாயால் சொல்வது? தன் வாழ்க்கை உடைந்து கிடந்தபோது ஒரு கேள்வி கேட்காதவன் அவன். அவனை உடைக்கிற வார்த்தையை அவள் சொல்ல வேண்டுமா? கண் மங்கினால் கண்ணாடி போடுகிறோம். கைக்கு ஒரு கண்ணாடி போட்டால் என்ன? இப்படித்தான் அவள் தனக்குத் தானே வக்கீல் ஆனாள். கண்ணாடி போட்டவனுக்குத் தன் மூக்கில் கண்ணாடி இருப்பது தெரியும் என்பதை, ஆயிரம் பேருக்குக் கண்ணாடி செய்து கொடுத்தவள், மறந்துபோனாள்.

ரிமோட்டுக்குள் பல அளவுகளை மாற்றலாம். அதெல்லாம் அவள் சாம்ராஜ்யம். அண்ணன் அந்தப் பக்கமே போகமாட்டான். சக்கரத்தை நடுவிலிருந்து கொஞ்சம் அசைத்தால் வண்டி அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருக்க ஓர் அளவு உண்டு. மைதானத்தில் அதைச் செத்த இடம் என்பார்கள். யாரும் அதை ஒரு துளிக்கு மேல் வைப்பதில்லை. வைத்தால் வண்டி மந்தமாகிவிடும். அவள் அதை அகலமாகத் திறந்து வைத்தாள். செத்த இடத்தைத் தாண்டினாலும் வண்டி மெல்லத்தான் திரும்ப வேண்டும் என்று இன்னொரு அளவையும் மாற்றினாள். ஒரு தடவைக்கு ஒன்று என்கிற தர்மமெல்லாம் அன்றைக்குக் காற்றில் போனது. பிறகு, சக்கரங்களைத் திருப்புகிற சர்வோ என்ற குட்டி மோட்டாரை, நன்றாக இருந்ததைக் கழற்றி இழுப்பறையில் போட்டுவிட்டுப் புதியதை மாட்டினாள். பொய்க்குச் சாட்சி வேண்டுமல்லவா?

மறுநாள் அதே தெருவில் அண்ணன் ஓட்டினான். வண்டி நேராகப் போனது. திரும்பி நேராக வந்தது. அவன் மறுபடி ஓட்டினான். மறுபடியும். பிறகு தெருவோரக் கல்லில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"என்ன பாப்பா பண்ணின?"

"சர்வோல பல்லு தேஞ்சிருந்துது. மாத்திட்டேன்."

"அப்போ வண்டியிலதான் கோளாறு."

"பின்ன வேற எங்க?" என்றாள் அவள்.

அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். எழுந்து வந்து, சின்ன வயதில் செய்கிற மாதிரி அவள் தலையைப் பிடித்து ஆட்டினான். "நீ நல்லா இருப்ப" என்றான். ஒரு சர்வோவுக்கு ஒரு மனிதன் அழுவானா என்று அப்போதாவது அவள் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. தான் செய்த நல்ல காரியத்தில் அவளுக்கே தலைகால் புரியாமல் இருந்தது.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகள் நன்றாகவே போயின. வளைவுகளில் வண்டி கொஞ்சம் சோம்பேறியாகத் திரும்பியது. அதை ஈடுகட்ட அவள் முன் ஸ்பிரிங்கை மென்மையாக்கி, பின் டயரை மாற்றி, ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒன்பது வேலை செய்தாள். அண்ணன் ஒரு பந்தயத்தில் இரண்டாவதாக வந்தான். நிமிர்த்தி மைதானத்தைத் தாண்டி ஓடிவந்து அவனைத் தூக்கப் பார்த்து, முடியாமல் இருவரும் மண்ணில் விழுந்தார்கள். "வண்டியைத்தான் நிமிர்த்துவேன். இவரை நிமிர்த்த அந்த கிரேன்தான் வரணும்" என்று அவன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

கடையில் அவள் வில்லை தேய்த்துக்கொண்டிருந்த ஒரு முற்பகலில் அண்ணியிடமிருந்து போன் வந்தது. பேச்சே வரவில்லை, மூச்சுதான் வந்தது. அண்ணனுக்கு ஒன்றும் இல்லை என்பது புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. நிமிர்த்தியின் கால்.

நடந்தது இவ்வளவுதான். கம்பிக் கட்டு ஒன்று தரைக்கு ஒரு சாண் மேலே தொங்கிக்கொண்டிருந்தது. கட்டு நேராகத் தரையில் உட்கார்ந்தால் பிறகு கயிற்றை உருவ முடியாது. அதனால் அடியில் மரக்கட்டைகளை வைக்க வேண்டும். நிமிர்த்தி கட்டைகளைக் காலால் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தான். கட்டு இறங்கியது. மேலே கேபினில் அந்த நொடியில் என்ன நடந்தது என்று பார்த்தவர் யாரும் இல்லை. முழங்காலுக்குக் கீழே எதையும் மிச்சம் வைக்க முடியாது என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள்.

அண்ணன் மூன்று நாள் சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். நாலாம் நாள் குளித்துவிட்டு வந்து, பின்னறையில் அவள் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். முகம் தெளிவாக இருந்தது. அந்தத் தெளிவுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"விசாரணை வச்சிருக்காங்க பாப்பா. கிரேனைச் சோதிச்சுப் பார்த்துட்டாங்க, அதுல ஒரு குறையும் இல்ல. அப்போ ஒண்ணு என் கை, இல்லாட்டி அவன் சைகை. அவன் முஷ்டியை மூடி நிறுத்துன்னு காட்டினதா சொல்றான். நானும் யோசிச்சு யோசிச்சுப் பார்க்கிறேன். எனக்கு ஞாபகம் வரல. ஆனா ஒண்ணு நிச்சயம். என் கை தானா அசையாது. அப்போ நான் இறக்கியிருக்கேன்னா, அவன் இறக்குன்னு காட்டியிருக்கணும்."

"கை தானா அசையாதுன்னு எப்படிண்ணே அவ்வளவு உறுதியா சொல்ற?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "உங்கிட்ட சொல்றதுக்கு என்ன. மழைக்காலத்துக்கு முன்னாடி எனக்கே ஒரு சந்தேகம் இருந்துது. சட்டைப் பித்தான் போடறப்போ விரல் ஆடற மாதிரி. வயசா, பயமா, தெரியல. உங்க அண்ணிகிட்டகூடச் சொல்லல. வண்டி நெளிய ஆரம்பிச்சப்போ, இது என் கைதான்னு நினைச்சேன். சூப்பர்வைசர்கிட்டப் போய், என்னைக் கீழ வேலைக்குப் போட்டுடுங்கன்னு சொல்லிடலாம்னு முடிவே பண்ணிட்டேன். அப்பதான் நீ சர்வோன்னு கண்டுபிடிச்ச. வண்டி நேரா போச்சு. மனுஷன் பொய் சொல்லுவான் பாப்பா, வண்டி சொல்லாது."

அவன் மேலும் பேசிக்கொண்டே போனான். விசாரணை அதிகாரியிடம் போனில் சொல்லிவிட்டானாம், வண்டியை எடுத்துக்கொண்டு வந்து அவர் கண் முன்னாலேயே கோட்டில் ஓட்டிக் காட்டுகிறேன் என்று. கை நடுங்குகிறவன் ஓட்ட முடியாத வண்டி என்று. அவள் பாட்டரியை முழுசாக ஏற்றித் தயாராக வைக்க வேண்டும்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவம் அவளுடையது, பழி ஒரு காலோடு கிடப்பவன் தலையில் விழப்போகிறது.

மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு மருத்துவமனைக்குப் போனாள். நிமிர்த்தி படுக்கையில் இன்னும் குட்டையாகத் தெரிந்தான். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. பக்கத்தில் அவன் மனைவி, எதையோ மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் எப்படிம்மா இருக்காரு? சாப்பிடறாரா?" என்று அவன் கேட்டான். கால் போனவன் கேட்கிற கேள்வியா இது?

"நான் முஷ்டியைத்தான் மூடிக் காட்டினேன்" என்றான் பிறகு. கையைத் தூக்கி மூடிக் காட்டினான். அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "அவரு பொய் சொல்ற ஆளு இல்ல. அவ்வளவு உறுதியா சொல்றாருன்னா... ஒருவேளை நான்தான் கட்டையைப் பார்த்துக்கிட்டே கையைத் தப்பா காட்டிட்டேனோ என்னவோ."

அவன் மனைவி தலையைத் தூக்கவில்லை. "இப்படியே நாலு பேர்கிட்டச் சொல்லு. சைகை தப்புன்னு எழுதிட்டா நஷ்டஈடும் கிடையாது, நமக்கு ஒரு வாய்க் கஞ்சி ஊத்தக்கூட யாரும் வரமாட்டாங்க" என்றாள், யாரிடமோ சொல்வது போல.

விசாரணைக்கு முந்தின நாள், வெளிச்சம் இருக்கும்போதே, அவள் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டின் நீள நடைக்கு வந்தாள். அண்ணனைக் கூப்பிட்டாள். அவன் உற்சாகமாக வந்தான். இரண்டு நாளாக இதற்காகவே உயிரோடு இருந்தவன் மாதிரி வந்தான்.

"அண்ணே, இதைப் பாரு" என்று ரிமோட்டின் சின்னத் திரையைக் காட்டினாள். "இது செத்த இடம். எல்லாரும் ஒண்ணு, ரெண்டு வைப்பாங்க. உனக்கு நான் எவ்வளவு வச்சிருக்கேன் பாரு."

"அதெல்லாம் உன் வேலை. எங்கிட்ட எதுக்கு..."

"பாருண்ணே."

அவன் கண் முன்னாலேயே அந்த அளவை இறக்கினாள். மற்றதையும் பழையபடி மாற்றினாள். ரிமோட்டை அவன் கையில் கொடுத்தாள். தரை ஓடுகளுக்கு நடுவே ஓடுகிற கோட்டில் வண்டியை வைத்தாள்.

வண்டி இரண்டடி போவதற்குள் முன் சக்கரங்கள் படபடத்தன. கோட்டை விட்டு இடதுபக்கம் போய், வலதுபக்கம் போய், சுவரில் இடித்து நின்றது. அண்ணன் நடந்துபோய் வண்டியை எடுத்துவந்து கோட்டில் வைத்தான். மறுபடி ஓட்டினான். முழங்கையை விலாவோடு அழுத்திக்கொண்டு ஓட்டினான். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டினான். கடைசியில் வண்டியை நிறுத்திவிட்டு, மோட்டார் ஓடாத அந்த அமைதியில், நிற்கிற வண்டியின் முன் சக்கரங்களைப் பார்த்தான். அவை இடமும் வலமுமாக ஆடிக்கொண்டே இருந்தன.

"யாருக்கெல்லாம் தெரியும்?" என்றான்.

"எனக்கு மட்டும்தான்."

"அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்ணே. உன்கிட்டச் சொல்ல வாய் வரல. உனக்கு நல்லது செய்யறதா நினைச்சுட்டேன். நான் பாவிண்ணே. நான் வாயைத் திறந்திருந்தா அவன் கால் போயிருக்காது."

அவன் அவளைத் திட்டுவான், அடிப்பான் என்றுகூட எதிர்பார்த்தாள். அடித்தால் தேவலை என்று இருந்தது. அவன் சுவரோரம் உட்கார்ந்து, வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டான். அடுக்களையில் குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அந்தப் பார்வை அவள் இதுவரை பார்த்த அண்ணனுடையது அல்ல.

"திரும்ப வச்சிடு பாப்பா."

"என்னண்ணே?"

"அந்த அளவை. பழையபடி வச்சிடு. நாளைக்கு ஒரு நாள் மட்டும்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"அவன் கால் போயிடுச்சு. நான் உண்மையைச் சொன்னா அது முளைச்சுடுமா? இதுக்கு மேல நான் கிரேன்ல ஏறமாட்டேன், சத்தியம். முதுகு வலின்னு சொல்லிக் கீழ வந்துடறேன். ஆனா கை நடுங்குறது தெரிஞ்சே ஏறினான்னு எழுதிட்டாங்கன்னா என்னை உள்ள வச்சிடுவாங்க. உங்க அண்ணி எங்க போவா? நீ எங்க போவ? ரெண்டு குடும்பமும் நாசமா போகணுமா? ஒண்ணாவது மிஞ்சட்டுமே."

கணக்கு என்னவோ சரியாகத்தான் இருந்தது. அதுதான் கொடுமை. நேற்றுவரை தெரியாமல் பொய் சொல்ல இருந்தவனை, தெரிந்தே பொய் சொல்கிறவனாக மாற்றியதுதான் அவள் சொன்ன உண்மையின் முதல் பலன்.

"வைக்கமாட்டேன்ணே" என்றாள்.

"அப்போ வண்டி வேணாம். நான் வாயாலேயே சொல்லிக்கறேன். நீ அந்தப் பக்கம் வராதே" என்று சொல்லிவிட்டு அவன் எழுந்து உள்ளே போனான். வண்டி நடையிலேயே கிடந்தது. விளக்கேற்ற வந்த அண்ணி அதைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டுப் போனாள்.

விசாரணை இரும்புக் கிடங்கின் அலுவலக மாடியில் நடந்தது. நீளமான மேஜை. அந்தப் பக்கம் அதிகாரி, பக்கத்தில் சூப்பர்வைசர். இந்தப் பக்கம் அண்ணன், ஒரு நாற்காலி விட்டு நிமிர்த்தியின் மனைவி. கண்ணாடிக்காரி வண்டிப் பெட்டியை அணைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தபோது, அண்ணன் தன் வாக்குமூலத்தைச் சொல்லி முடித்திருந்தான். நிமிர்த்தி உள்ளங்கையைக் கீழே காட்டினான், அது இறக்கு என்கிற சைகை, அதனால் இறக்கினேன் என்று. அதிகாரி எழுதிக்கொண்டிருந்தார்.

"நீங்க யாரும்மா?"

"இவரோட தங்கச்சி சார். எங்க அண்ணன் கை நடுங்குது. அது அவருக்கே தெரியாம மறைச்சது நான்." அதற்குமேல் ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. வண்டி, ரிமோட், செத்த இடம், சர்வோ என்று உளறிக் கொட்டினாள். கடையில் ஒரு வில்லையைப் பற்றிக் கேட்டால் கோர்வையாகச் சொல்கிறவள், இங்கே தலையும் வாலும் மாறிப் பேசினாள்.

அதிகாரி அண்ணனைப் பார்த்தார்.

"அவளுக்கு மனசு சரியில்ல சார்" என்றான் அண்ணன். மெதுவாக, பரிவாகச் சொன்னான். "புருஷன் வீட்டுலேர்ந்து வந்ததுலேர்ந்தே இப்படித்தான். ஏன் வந்தான்னே எங்களுக்கு இன்னிவரை தெரியாது. எதையாவது நினைச்சுக்குவா. நாங்களும் பொறுத்துக்கிட்டுப் போறோம்."

வாழ்க்கையில் மனமறிந்து அவன் சொன்ன முதல் பொய்கள். முதல் தடவைக்கு நன்றாகவே சொன்னான். சூப்பர்வைசர் அவளை இரக்கத்தோடு பார்த்தார். இத்தனை வருடம் கேட்காமல் விட்டதை அன்பு என்று நினைத்திருந்தாளே. அன்பாகவும் இருந்திருக்கும். அதையே இப்போது கல்லாக எடுத்து எறிந்துவிட்டான்.

அவள் அழவில்லை. பெட்டியைத் திறந்தாள். பாட்டரியை இணைத்தாள். தரையில் சிமெண்டுப் பாளங்களுக்கு நடுவே ஒரு கோடு மேஜையிலிருந்து கதவு வரைக்கும் போனது. வண்டியை அதில் வைத்தாள். ரிமோட்டை எடுத்துக்கொண்டு அண்ணன் எதிரில் போய் நின்று நீட்டினாள்.

"நான் பைத்தியமாவே இருக்கேன்ணே. நீ ஓட்டு."

அவன் ரிமோட்டைப் பார்த்தான்.

"ஓட்டுங்களேன்" என்றார் அதிகாரி. "வண்டியை ஓட்டிக் காட்டறேன்னு நீங்கதானே போன்ல கேட்டீங்க. நானும் சரின்னேனே."

"இன்னிக்கு வேணாம் சார்."

"ஏன்?"

இரண்டு கைகளையும் தொடைகளுக்கு நடுவே இறுக்கி வைத்துக்கொண்டான். நிமிர்த்தியின் மனைவி நாற்காலியில் முன்னால் நகர்ந்தாள். கண்ணாடிக்காரி கையை இறக்கவில்லை. தோள் வலித்தது. இன்னும் கொஞ்சம் நீட்டினாள். இந்த ஒன்றை அவன் வாங்கிவிட்டால் போதும், கை ஆடினாலும் போதும், மறுபடி அவன் தன் அண்ணனாகிவிடுவான் என்று அவளுக்கு ஒரு பைத்தியக்கார ஆசை இருந்தது. அவன் வாங்கவில்லை.

அதிகாரி பேனாவை எடுத்து, எழுதியிருந்த பக்கத்தின் மேல் குறுக்காக ஒரு கோடு போட்டார். வேறு காகிதம் எடுத்தார்.

"உட்காருங்கம்மா. முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றார்.

அறையில் காலியாக இருந்தது அண்ணனுக்குப் பக்கத்து நாற்காலி ஒன்றுதான். அவள் நின்றபடியே சொல்ல ஆரம்பித்தாள்.